யாரும் கேட்கவில்லையே!

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்பட்டவுடன், "நீ செயற்கை நுண்ணறிவைப் பற்றித்தானே எழுதப் போகிறாய்?" என்று நண்பர்கள் கேட்டார்கள். அதைப் பற்றி எழுத எங்கள் வகுப்பிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது ஒரு தவற்றைப் பற்றி. தவறு செய்தவன் வேறு யாருமல்லன்; நானே. கணினி படிக்காத துறை நண்பர்களும் படிக்கும்படி எழுத முயன்றிருக்கிறேன். எங்கேனும் புரியாமற் போனால் அது என் எழுத்தின் குறையே அன்றி அவர்களுடைய குறை அன்று.

எங்கள் ஊர் கல்வராயன் மலையடிவாரத்தில் உள்ள ஒரு சிற்றூர். அங்கிருந்து கல்லூரிக்கு இரண்டு பேருந்து மாறி வரவேண்டும். அப்பா சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அம்மா கூலி வேலைக்குப் போகிறவர். எனக்கு ஓர் அக்காள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். 2013 இல் பிளஸ் டூ எழுதி 1200 க்கு 981 மதிப்பெண் வாங்கியவள். அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியும் அவ்வாண்டு அவள் கைக்கு வந்தது. கல்லூரிக்குப் போகத்தான் வாய்க்கவில்லை. அந்தக் கோடையில் அப்பாவுக்குக் கால் முறிந்தது. அக்காள் நூற்பாலை வேனில் ஏறிப் போனாள். நான் சேர்க்கையின்போது கொடுத்த முதல் பட்டதாரிச் சான்றிதழ், உண்மையைச் சொன்னால், அவள் பெயரில் வாங்கியிருக்க வேண்டியது.

இப்போது அக்காளுக்குத் திருமணமாகி, அடுத்த தெருவிலேயே இருக்கிறாள். பதினான்கு பேர் கொண்ட மகளிர் சுய உதவிக் குழுவுக்கு ஊக்குநர். அந்த மடிக்கணினி இன்றும் வேலை செய்கிறது என்றால் நம்புவீர்களா? பேட்டரி செத்து எத்தனையோ ஆண்டு ஆகிறது. மின்கம்பியைப் பிடுங்கினால் அக்கணமே அணைந்துவிடும். திரையின் ஓர் ஓரத்தில் கறுப்புக் கோடு. ஆனாலும் இயக்கியவுடன், விண்டோஸ் 7 வேண்டுமா, பாஸ் லினக்ஸ் வேண்டுமா என்று அன்று போலவே கேட்கிறது. அக்காள் அதைத் துணிப்பையில் போட்டு, துணிப்பையை பீரோவில் புடைவைகளுக்கு நடுவே வைத்திருப்பாள்.

முதலாம் ஆண்டில் பைத்தான் மொழி கற்றுக்கொண்டிருந்த ஆர்வத்தில், குழுக் கணக்குக்கு ஒரு சிறு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். வாரச் சேமிப்பு ஐம்பது ரூபாய், உள்கடன், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, வங்கிக் கடனுக்குத் தவணை: இவ்வளவுதான் அது போடும் கணக்கு. விண்டோஸ் 7 இல் ஏறக்கூடிய கடைசிப் பைத்தான் 3.8 என்று அறிந்து அதையே நிறுவினேன். எழுதியதைத் திறந்த மூலமாகவும் இணையத்தில் வைத்தேன். திறந்த மூலம் என்றால், எவரும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம், காசு வேண்டாம் என்று பொதுவில் வைத்துவிடுவது. அத்துடன் ஒரு சாமர்த்தியமும் செய்தேன். அக்காள் திறக்கும்போதெல்லாம், புதிய பதிப்பு வந்திருந்தால் புரோகிராம் தானே அதை இறக்கிக்கொள்ளும். "இனிமே நோட்டு எதுக்குக்கா? எல்லாம் கம்ப்யூட்டர்லயே இருக்கே!" என்றும் சொன்னேன். அக்காள் என்னை நம்பி, ஜூன் மாதத்தோடு கடன் நோட்டை மூடி வைத்தாள்.

2025 ஆகஸ்ட் மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. நான் ஒரு திருமண மண்டபத்தில் பந்தி பரிமாறும் வேலைக்குப் போயிருந்தேன். ஞாயிறுதோறும் கிடைக்கும் அறுநூறு ரூபாய்தான் என் பேருந்துச் செலவும் சாப்பாட்டுச் செலவும். கைப்பேசி சமையற்கட்டில் பைக்குள் கிடந்தது. இரவு பத்து மணிக்கு எடுத்துப் பார்த்தால், அக்காளிடமிருந்து பதினோரு அழைப்புகள்.

நடந்தது இதுதான். மாலை ஐந்து மணிக்குக் குழுக் கூட்டம். மறுநாள் வங்கியில் தவணை கட்டியாக வேண்டும். அக்காள் மடிக்கணினியை இயக்கி, கைப்பேசியிலிருந்து இணையம் கொடுத்து, புரோகிராமைத் திறந்தாள். அது புதிய பதிப்பை இறக்கிக்கொண்டது. பிறகு, சின்டாக்ஸ் எரர் என்று ஒரு வரி காட்டிவிட்டு நின்றுபோயிற்று. மூடித் திறந்தாலும் அதே வரிதான். யார் எவ்வளவு கட்டினார்கள், யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற ஜூன் முதலான கணக்கு முழுவதும் அந்தப் பெட்டிக்குள். நோட்டில் மே மாதம் வரைதான். கடைசியில் நினைவை வைத்தே கணக்குப் போட்டிருக்கிறார்கள். பெரியம்மா முறையாகும் ஒருவருக்குத் தாம் கட்டிய இரண்டு தவணை விட்டுப்போய்விட்டது என்று மனக்குறை. இன்னொருவர், "கம்ப்யூட்டர்ல போட்டுப் பூட்டி வெச்சுக்கிட்டா நமக்கு என்ன தெரியும்?" என்று கேட்டிருக்கிறார். ஊக்குநராக இருக்கும் ஒரு பெண்ணைப் பார்த்துப் பணக் கணக்கில் இப்படி ஒரு கேள்வி கேட்டால் அது எங்கே போய்த் தைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் விடியற்காலையில் போய், பழைய பதிப்பைத் திரும்ப வைத்தேன். ஐந்து நிமிட வேலை. கணக்கு எதுவும் அழியவில்லை. பெரியம்மாவின் இரண்டு தவணையும் அப்படியே இருந்தன. அக்காள் என்னைத் திட்டவில்லை. "நேத்து வரைக்கும் நல்லாத்தானேடா இருந்துச்சு? நான் ஒண்ணுமே பண்ணலியே?" என்று மட்டும் கேட்டாள். அவள் ஒன்றும் செய்யவில்லை என்பது உண்மை. செய்தவன் நான்.

என்ன செய்தேன்? கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இருப்பது பைத்தான் 3.12. அதில் மேட்ச் என்றொரு கட்டளையைப் படித்தேன். நீண்ட நீண்ட 'இஃப்' அடுக்குகளை எழுதாமல் அழகாக எழுத உதவுவது. 2021 இல் வந்த 3.10 ஆம் பதிப்பில்தான் அது முதன்முதலில் சேர்ந்தது. என் புரோகிராமில் ஒரே ஓர் இடத்தில் அதைப் போட்டேன், ஆய்வுக்கூடக் கணினியில் ஓடிற்று, இணையத்தில் ஏற்றிவிட்டேன். அக்காளின் 3.8 க்கு அப்படி ஒரு சொல்லே தெரியாது. தெரியாத ஒரு சொல்லைக் கண்டதும் முழுப் புரோகிராமையும் படிக்க மறுத்துவிட்டது. அந்த மாற்றத்தால் அக்காளுக்கு ஒரு புதிய வசதியும் இல்லை என்பதுதான் வெட்கம். என் கண்ணுக்கு அழகாக இருந்தது; அவ்வளவே!

நிற்க. இனி 3.8 இல் ஓடாத எதையும் எழுதவே மாட்டேன் என்று அன்று காலை பேருந்தில் உறுதி எடுத்துக்கொண்டேன். உறுதி ஒரு மாதங்கூட நிலைக்கவில்லை. வேறொரு மாவட்டத்திலிருந்து, என் புரோகிராமைத் தம் ஊர்க் குழுவுக்குப் பயன்படுத்தும் ஒருவர் எழுதியிருந்தார். கணக்குச் சுருக்கத்தைத் தமிழில் பி.டி.எஃப். ஆக எடுத்தால், கொம்பும் காலும் இடம் மாறி எழுத்து சிதைகிறது என்பது அவர் குறை. நியாயமான குறைதான். நான் எடுத்தாண்டிருந்த பி.டி.எஃப். லைப்ரரியின் புதிய பதிப்பில் அதைத் திருத்தியிருந்தார்கள். ஆனால் அந்தப் புதிய பதிப்புக்குப் பைத்தான் 3.8 போதாது!

லைப்ரரி என்பதை ஒரு வார்த்தை விளக்க வேண்டும். எந்தப் புரோகிராமையும் யாரும் முதலிலிருந்து முடிவுவரை தாமே எழுதுவதில்லை. பிறர் எழுதிப் பொதுவில் வைத்த பகுதிகளை எடுத்துத் தம்முடையதோடு சேர்த்துக்கொள்வார்கள். அந்தப் பகுதிகளுக்குத்தான் லைப்ரரி என்று பெயர். அவையும் வேறு லைப்ரரிகளை நம்பி நிற்கும். எல்லாம் சேர்ந்து பைத்தானின் ஏதோ ஒரு பதிப்பை நம்பி நிற்கும். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டே வருவது. ஆகவே, எந்தப் பழைய பதிப்பு வரைக்கும் நாம் ஓடிக்காட்ட வேண்டும், எதை எப்போது கைவிடலாம் என்ற கேள்வி, என்னைப் போன்ற கற்றுக்குட்டிக்கும் உண்டு. உலகம் முழுதும் பயன்படும் மென்பொருளை எழுதுகிறவர்களுக்கும் உண்டு.

எங்கள் துறைப் பேராசிரியரிடம் போய் இதைச் சொன்னேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார். "உன் புரோகிராமை 3.8 இல் எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள்?" தெரியவில்லை ஐயா என்றேன். "யாராவது 3.8 வேண்டுமென்று கேட்டு எழுதினார்களா?" யாரும் கேட்கவில்லை ஐயா என்றேன். சொல்லும்போதே என் நாக்கு தடுமாறியது. ஏனெனில் அக்காளும் எழுதவில்லையே! இணையத்தில் குறை எழுதுவதற்கு ஒரு கணக்குத் தொடங்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுத வேண்டும். எந்தப் பதிப்பு, என்ன பிழை என்று தெரிந்திருக்க வேண்டும். அக்காள் செய்தது பதினோரு முறை தம்பியை அழைத்தது. தம்பி இல்லாதவர்கள் எத்தனை பேரோ?

புதிய பதிப்பு வைத்திருப்பவர்தான் எழுதுவார். பழைய பதிப்பில் இருப்பவர் எழுதமாட்டார். எழுதுகிறவரின் குரல் நம் காதில் விழும். மற்றவருடைய குரல் விழாது. இறக்கிய எண்ணிக்கையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாமே என்று ஒரு நண்பன் சொன்னான். பைத்தான் லைப்ரரிகள் எந்தப் பதிப்புக்காக எத்தனை முறை இறக்கப்பட்டன என்ற கணக்கு பொதுவில் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் நகரத்து நிறுவனம் ஒன்றின் சோதனை இயந்திரம் ஒரே நாளில் நூறு முறை இறக்கும். அக்காள் ஒரு முறை இறக்கினால் மூன்றாண்டுக்குப் போதும். அந்தக் கணக்கில் அக்காள் ஒன்று. அந்த இயந்திரம் நூறு!

அப்பாவின் கடையில் இந்தத் தொல்லை இல்லை. வால்டியூப், பால்ஸ், ஃபிரீவீல் என்று டப்பா டப்பாவாக வைத்திருப்பார். பழைய மாடல் சைக்கிளுக்கு மட்டுமே பொருந்தும் சாமான்களை எப்போது தள்ளிவிடுவீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "ரெண்டு வருசம் ஒருத்தரும் கேக்கலைன்னா எடைக்குப் போட்டுடுவேன்" என்றார். இதில் ஒரு வேடிக்கை. அறிவியல் கணக்குகளுக்கெல்லாம் அடிப்படையாக விளங்கும் நம்பை என்னும் லைப்ரரியைச் சேர்ந்தவர்கள் 2019 இல் ஒரு விதி எழுதினார்கள். பைத்தானின் ஒரு பதிப்பு வெளிவந்து 42 மாதம் வரை அதை ஆதரிப்பது, நம்பையின் ஒரு பதிப்பு வெளிவந்து 24 மாதம் வரை அதை ஆதரிப்பது, அதன்பின் விட்டுவிடலாம். தம்மைச் சார்ந்து வாழும் மற்ற லைப்ரரிகளுக்கும் இதையே பரிந்துரைத்தார்கள். பின்னர் பல அறிவியல் லைப்ரரிகள் கூடி வகுத்த விதியில் அந்த 42 மாதம் 36 ஆகக் குறைந்தது. 24 மட்டும் மாறவில்லை. அப்பாவின் இரண்டு வருசமும் அவர்களுடைய 24 மாதமும் ஒன்றாக இருப்பதைச் சொன்னபோது, "அப்ப நானும் கம்ப்யூட்டர் படிச்சவன்தான்" என்று சிரித்தார்.

ஆனால் வேறுபாடு ஒன்று உண்டு. அப்பாவுக்கு வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் தெரியும். யாருடைய சைக்கிள் இன்னும் ஓடுகிறது, யாருடையது மாட்டுத்தொழுவத்தில் துருப்பிடித்துக் கிடக்கிறது என்று தெரியும். "கேக்கலை" என்று அவர் சொன்னால் அது உண்மை. நம்பைக்காரர்களுக்கு அப்படித் தெரிய வழியில்லை. தெரிய வழியில்லை என்பதாலேயே அவர்கள் "கேட்கவில்லை" என்பதை அளவாகக் கொள்ளாமல் நாட்காட்டியை அளவாகக் கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. முதலில் இந்த விதியைப் படித்தபோது, இரக்கமற்ற விதி என்றே நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. யார் இருக்கிறார்கள் என்று தெரியாதபோது, என்றைக்கு என்பதையாவது முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை. என் மேட்ச் அதைக்கூடச் செய்யவில்லை.

கைவிடாமலே இருந்தால் என்ன என்று கேட்கலாம். பி.டி.எஃப். தொல்லை வந்த பிறகு ஒரு வாரம் அப்படி இருந்து பார்த்தேன். 3.8 க்கு ஒரு வழி, புதியதற்கு ஒரு வழி என்று இரண்டு கிளையாக எழுதினேன். ஒவ்வொரு மாற்றத்தையும் இரண்டிலும் ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. எனக்கு இரண்டுதான். பெரிய லைப்ரரிக்காரர்கள் நான்கு பைத்தான், மூன்று நம்பை, மூன்று இயங்குதளம் என்று எடுத்துக்கொண்டால், நாலு மூணு பன்னிரண்டு, அதை மூன்றால் பெருக்கினால் 36. பழைய பைத்தான் ஒன்றை விடாமல் வைத்தால் 45. கூட்டல் அன்று, பெருக்கல். இவ்வளவையும் செய்கிறவர்களில் பலர் சம்பளம் வாங்காதவர்கள். பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் இதைச் செய்கிறவர்கள். பந்தி பரிமாறிவிட்டு வந்து பிழை திருத்தும் எனக்கு அந்த அலுப்பு கொஞ்சம் புரிகிறது.

பழையதைப் பிடித்துக்கொண்டே இருப்பதன் விலையை அறியப் பைத்தான் 2 இன் வரலாற்றைப் படிக்க வேண்டும். 2008 டிசம்பரில் பைத்தான் 3 வந்தது. பழைய 2 இல் எழுதியது 3 இல் அப்படியே ஓடாது என்று தெரிந்தே அதை வெளியிட்டார்கள். 5 ஐ 2 ஆல் வகுத்தால் பழையதில் விடை 2, புதியதில் 2.5. இதைக்காட்டிலும் பெரிய மாற்றம் எழுத்துகளைப் பற்றியது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறவருக்கு அது அவ்வளவாகத் தெரியாது. தமிழில் எழுதும் நமக்குத் தெரியும். பைத்தான் 2 இல் 'அம்மா' என்று சாதாரணமாக எழுதி, இதில் எத்தனை எழுத்து என்று கேட்டால், யூ.டி.எஃப்.-8 முறையில் சேமித்திருந்தால் 15 என்று சொல்லும்! பைட்டுகளை எண்ணிச் சொல்கிறது அது. பைத்தான் 3 ஐக் கேட்டால் 5 என்று சொல்லும். அ, ம, புள்ளி, மறுபடி ம, துணைக்கால் என்று ஒருங்குறியில் உள்ளபடி எண்ணுகிறது. நம் ஊர் ஒன்றாம் வகுப்புக் குழந்தை 3 என்று சொல்லும். பைத்தான் இன்னும் குழந்தை அளவுக்கு வரவில்லை. ஆனாலும் 15 இலிருந்து 5 க்கு வந்தது பெரிய முன்னேற்றம் அன்றோ? பழையதிலும் யூனிகோடுக்கென்று தனி வழி இருந்தது. ஆனால் இரண்டு வகையையும் கலந்து எழுதிவிட்டு, எங்கோ ஒரு மூலையில் தமிழ்ப் பெயர் ஒன்று வந்ததும் புரோகிராம் கவிழ்ந்துபோவது வழக்கமாம். பைத்தான் 2 லேயே உலகம் நின்றிருந்தால், குழுவில் உள்ள பதினான்கு பெயரையும் தமிழில் ஒழுங்காக அச்சிட நான் பெரும்பாடு பட்டிருப்பேன்.

அப்படியிருந்தும் பழையது போக எத்தனை காலம் ஆயிற்று தெரியுமா? 2.7 ஐ 2015 இல் நிறுத்துவதாக முதலில் சொன்னார்கள். உலகம் நகரவில்லை. 2014 இல் அதை 2020 க்குத் தள்ளினார்கள். 2020 ஜனவரி 1 ஆம் தேதியோடு அதன் ஆயுளை முடித்தார்கள். அதுவரை சேர்ந்திருந்த திருத்தங்களோடு ஏப்ரலில் கடைசிப் பதிப்பு வந்தது. 2008 இலிருந்து 2020 வரை பதினோரு ஆண்டுக்கு மேல்! அத்தனை காலமும் லைப்ரரி எழுதுகிறவர்கள் இரண்டிலும் ஓடும்படி எழுதிக்கொண்டிருந்தார்கள். அதற்கு உதவ 'சிக்ஸ்' என்றே ஒரு லைப்ரரி. இரண்டை மூன்றால் பெருக்கினால் ஆறு, அதுதான் பெயர்க்காரணம்.

அந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. ஐபைத்தான் என்ற கருவியை எழுதுகிறவர்கள் 2017 இல் தங்கள் 6.0 பதிப்போடு பைத்தான் 2 ஐக் கைவிட்டார்கள். விடுவதற்கு முன்னால் ஒன்றை யோசித்தார்கள். பைத்தான் 2 வைத்திருப்பவர் வழக்கம்போலப் பிப் என்னும் நிறுவுங் கருவியிடம் ஐபைத்தானைக் கேட்பார். பிப் புதிய 6.0 ஐக் கொண்டுவந்து கொடுக்கும், அது ஓடாது. அக்காளுக்கு நேர்ந்ததே அவருக்கும் நேரும். ஆகவே, எனக்கு இந்தப் பைத்தான் பதிப்பாவது வேண்டும் என்று ஒவ்வொரு லைப்ரரியும் தன்மேல் எழுதி ஒட்டிக்கொள்ளவும், பிப் அதைப் படித்துப் பார்த்து, கேட்பவரிடம் உள்ள பைத்தானுக்கு ஏற்ற கடைசிப் பழைய பதிப்பைத் தானே தேர்ந்து கொடுக்கவும் வழி செய்யும் பணியில் அவர்களும் முனைந்து நின்றார்கள். 2016 இறுதியில் வந்த பிப்பின் 9 ஆம் பதிப்பு முதல் அது நடக்கிறது. புதியவர்களுக்குப் புதியது, பழையவர்களுக்கு அவர்களுக்கு ஓடும் கடைசிப் பதிப்பு. யாரும் குறை எழுத வேண்டியதில்லை. பதினோரு முறை யாரையும் அழைக்க வேண்டியதில்லை. கைவிடுவது என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு செய்முறை இருக்க முடியும் என்று அதைப் படித்த இரவில்தான் எனக்குத் தெரிந்தது. பிப் செய்யும் இந்தக் காவலை நான் எழுதிய தானே இறக்கிக்கொள்ளும் சாமர்த்தியம் செய்யவில்லை. இருக்கும் கருவியை விட்டுவிட்டு நானே ஒன்றை எழுதியதன் பலன்!

அக்காளின் 3.8 ஏன் கடைசியாயிற்று என்பதையும் தேடிப் படித்தேன். பைத்தானின் புதிய பதிப்பு ஒன்று வெளியாகும் நாளில், விண்டோஸின் எந்தப் பதிப்புகளுக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு தருகிறதோ அவற்றில் மட்டும் அது ஓடும் என்பது அவர்கள் விதி. விண்டோஸ் 7 க்கு ஆதரவு 2020 ஜனவரி 14 இல் முடிந்தது. 3.8 வந்தது 2019 அக்டோபர். ஆகவே அதில் உண்டு. 3.9 வந்தது 2020 அக்டோபர், ஆகவே இல்லை. மூன்று மாத இடைவெளியில் அக்காளுக்கு 3.8 கிடைத்தது என்று சொல்லவேண்டும். அந்த 3.8 க்கும் 2024 அக்டோபரோடு ஆயுள் முடிந்தது. நான் அக்காள் கணினியில் நிறுவியது 2025 ஜனவரி. நிறுவும்போதே மூன்று மாதத்துக்கு முன் காலாவதியானதை நிறுவியிருக்கிறேன். பாதுகாப்புக் குறை எதுவும் இனி அதில் திருத்தப்படாது. வங்கித் தவணைக் கணக்கு வைத்திருக்கும் பெட்டி அது! எனவே, அக்காளுக்காகப் பழையதையே வைத்திருக்கிறேன் என்று நான் பெருமை பேசுவதிலும் ஒரு குறை இருக்கிறது. அவளைப் பழையதிலேயே விட்டுவைப்பது அவளுக்கு நல்லதன்று. சொல்லாமல் அதைப் பிடுங்கியதுதான் கொடுமை.

நவம்பரில் ஒருநாள் அக்காளிடமே கேட்டேன். உன் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 7 ஐ எடுத்துவிட்டுப் புதிய லினக்ஸ் போட்டுத் தருகிறேன், புதிய பைத்தான் அதில் ஓடும், ஆனால் பார்க்க வேறு மாதிரி இருக்கும், பழக வேண்டும் என்றேன். இரண்டு நினைவகமும் 2 ஜி.பி.யும் தாங்குமா என்று ஆய்வுக்கூட நண்பனின் உதவியோடு முன்பே பென்டிரைவில் போட்டு ஓட்டிப் பார்த்திருந்தேன், மெதுவாக ஓடிற்று, ஆனால் ஓடிற்று. அக்காள் யோசித்தாள்.

"மார்ச்சுல தணிக்கை இருக்கு. அது முடியற வரைக்கும் எதையும் தொடாத" என்றாள்.

"சரிக்கா. ஏப்ரல் ஒண்ணாந் தேதி?"

"ஏப்ரல்ல ரெண்டாவது வாரம். ஒண்ணாந் தேதி வசூல் இருக்கும். அதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை வந்து எனக்கு சொல்லிக் குடுத்துட்டுப் போ. பந்தி கிந்தின்னு சொல்லாத."

கேட்டிருந்தால் ஆகஸ்டிலேயே இதைச் சொல்லியிருப்பாள். நாட்காட்டி விதியிலும் 24 மாதத்திலும் இல்லாத ஒன்று அவள் சொன்னதில் இருந்தது: தணிக்கை மாதத்தில் தொடாதே என்பது. பயன்படுத்துகிறவரின் ஆண்டு எங்கே முடிகிறது என்று எழுதுகிறவனுக்கு எப்படித் தெரியும்? கேட்டால்தான் தெரியும். ஆயிரம் பேரைக் கேட்க முடியாது. அடுத்த தெருவில் இருப்பவளைக் கேட்டிருக்க முடியும்.

அன்றிரவே செய்து முடித்தேன். 3.8 க்கான கிளையைத் தனியாகப் பிரித்து, அதில் பிழை திருத்தம் மட்டுந்தான் இனி வரும், அதுவும் 2026 ஏப்ரல் 12 வரைக்கும் என்று எழுதினேன். புதிய கிளைக்கு 3.10 ஆவது வேண்டும்; மேட்ச் அங்கே இருக்கிறது; தமிழ் பி.டி.எஃப். உம் இப்போது சிதையாமல் வருகிறது. அந்த வேறு மாவட்டத்துக்காரருக்கும் எழுதிவிட்டேன். புரோகிராம் இப்போது புதிய பதிப்பைத் தேடுமுன், தான் எந்தப் பைத்தானில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறது; பழையதில் இருந்தால் பழைய கிளையிலேயே நின்றுகொள்கிறது. திறந்தவுடன் மேலே ஒரு வரி தமிழில் வரும்: இப்பதிப்பு ஏப்ரல் 12 வரை, அதன்பின்னும் இதே பதிப்பு ஓடும், ஆனால் திருத்தம் வராது. குறை சொல்ல விரும்புவோர் தமிழிலேயே எழுதலாம் என்று கீழே என் மின்னஞ்சலையும் போட்டேன். இதுவரை இரண்டு கடிதம் வந்திருக்கிறது. இரண்டும் 3.8 காரர்கள். யாரும் கேட்கவில்லை என்று பேராசிரியரிடம் சொன்னேனே, அந்த இரண்டு பேரும் அன்றும் இருந்திருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவருக்கு ஏப்ரல் 12 போதாது. அவர்கள் கணக்கு முடிவது ஜூனில். தேதியைத் தள்ளுவதா, அவருக்கு மட்டும் வழி சொல்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

அக்காள் ஆகஸ்டுக்குப் பிறகு கடன் நோட்டை மறுபடி திறந்துவிட்டாள். கணினியிலும் போடுகிறாள், நோட்டிலும் எழுதுகிறாள். இரண்டு வேலை எதற்கு என்று நான் இப்போது கேட்பதில்லை. இதை எழுதும் நாளில் தணிக்கைக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. ஏப்ரலில் அவள் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்குப் பந்தி வேலை வேண்டாம் என்று மேஸ்திரியிடம் சொல்லி வைத்துவிட்டேன்.